மறுபடியும் அதே பாட்டு

எல்லோர் காதுக்குள்ளும் பொருத்திய கருவியில் அவரவர் மனசுக்கேற்றபடி நொடிக்கு நொடி புதுப்பாட்டு பிறந்துகொண்டிருந்த காலம் அது. ஒருமுறை கேட்டது மறுமுறை வராது; ஒருவர் கேட்டது இன்னொருவர் காதில் விழாது.

அதனால்தான் உக்கடத்தில் பழைய சாமான்களைப் பழுதுபார்க்கும் மிருதுளா, பழுதுபார்க்க வந்த ஒரு சிடி பிளேயரை மூன்று நாளாகப் பிரித்துப் பிரித்து மாட்டினாள். கிடார் அலறும், டிரம்ஸ் இடிக்கும், ஒருவன் மழையைக் கூவி அழைப்பான். மறுபடி போட்டால் அதே அலறல், அதே மழை.

பிளேயரைக் கொடுத்திருந்த, நரைத்த தலைக்காரி சபுரா அதை வாங்கிப்போக வந்தாள்.

"சரியாகலீங்க்கா. ஒரே பாட்டையே பாடுது."

சபுரா சிரித்துவிட்டாள். "நீலப்புயல் குழுவோட பாட்டு கண்ணு. அப்படித்தான் பாடும்." பொத்தானை அழுத்தினாள். அடுத்த வரியை, அது வருவதற்கு முன்பே பாடினாள்.

மிருதுளாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்படிங்க்கா தெரியும்?"

"எனக்கு மட்டுமா? இருவது வயசுல, மைதானத்துல நாப்பதாயிரம் பேரு சேர்ந்து பாடினோம்."

"சேர்ந்தா?"

பாட்டு மழைக்கு வந்தது. மிருதுளா தன்னையறியாமல் "மழையே" என்றாள். அதே நொடியில் சபுராவும் "மழையே" என்றாள். இரண்டு குரலும் ஒன்றாய்க் கலந்து கடையை நிறைத்தன.

மிருதுளா பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெல்லச் சபுராவின் கையைப் பிடித்தாள்.

"அதையே இன்னொருக்கா போடுங்க்கா."