கொக்குச் சாறு

சேற்றில் நின்ற கொக்கு பறக்கவில்லை. மாடத்தி அதை வெறுங்கையால் பிடித்து, மும்பையின் மாகிம் ஓடைக்குப் பறவை ஆராய்ச்சிக்காக வந்திருந்த மாட்டுங்காத் தமிழர் கேட்டதும் அவரிடம் நீட்டினாள்.

"கொக்குப் பிடிச்சுப் பழக்கமாம்மா?"

"ரெண்டு மாசமாப் பழக்கம், ஐயா. இதுக்கு என்ன சீக்கு?"

"ஈயம். அதோ, அந்தப் பட்டறைக் கழிவு மீனுக்குள்ளே போய், மீனைத் தின்ன கொக்குக்கு எலும்பு வரைக்கும் ஏறிடுது. இறக்கை துவண்டுடும்."

மாடத்தி பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் கணவன் இசக்கிமுத்து அந்தப் பட்டறையில்தான் ஈயம் உருக்கினான். இரண்டு மாதமாக மணிக்கட்டு துவண்டு, தம்ளர்கூடப் பிடிக்க முடியாமல் வீட்டில் கிடக்கிறான்.

"இதுவரைக்கும் பிடிச்சதையெல்லாம் என்ன செஞ்சே?"



"அவருக்குக் கை வெளங்கணும்னு, எலும்போட இடிச்சுச் சாறு வச்சு, நாந்தான் ஊட்டிவிட்டேன் ஐயா."