குளிர்ந்த ஒரே அறை

செண்பகவல்லியின் முதுகில் வலிமருந்துப் பட்டை ஒட்டியிருந்தது. உடம்பு சூடேறினால் மருந்து அளவு மீறி ரத்தத்தில் இறங்கிவிடும். அதனால் வேலூர் வெயில் உச்சிக்கு வந்ததும், மணிக்கட்டில் கட்டியிருந்த பொத்தான் போன்ற கருவி சூட்டை அறிந்து பட்டையை மூடும். கூடவே, குடியிருப்பின் ஏசிகளையெல்லாம் அணைத்து, குளிர் முழுவதையும் அவள் அறைக்குத் திருப்பிவிடும்.

இன்று கீழ்வீட்டுக் கலைமணியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். பட்டு உடுத்தி வந்த மாப்பிள்ளை வீட்டார் தன்னால் வேர்த்து வழிய வேண்டுமா என்று செண்பகவல்லிக்குக் கூச்சமாக இருந்தது. பொத்தானை ஏமாற்றுவதற்காகக் கையை ஐஸ் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கி வைத்தாள். பட்டை மூடாமல், மருந்து இறங்கிக்கொண்டே இருந்தது.

கேசரித் தட்டோடு வந்த கலைமணி, கண் சொருகிக் கிடந்தவளைப் பார்த்துப் பதறினாள்.

“இன்னாக்கா பண்ணி வச்சிருக்கே! உசுரு போறதுக்கா?”

“உன் சம்பந்திக்கு... வேர்த்துடும்டீ...”

கலைமணி அவள் கையை வெளியே இழுத்துத் துடைத்து, சூடு வரத் தேய்த்தாள். பொத்தான் சிவந்தது. மாடி மாடியாக ஏசிகள் ஓய்ந்தன. அறைக்குள் குளிர் கொட்டியது.

மயக்கம் தெளிந்து செண்பகவல்லி கண் திறந்தபோது, அறை முழுக்கப் பட்டுச் சேலைகள். தையல் மெஷின்மேல் மல்லிகைப்பூப் பை இருந்தது. மணப்பெண் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“இந்த பில்டிங்லயே இங்கதான் ஜில்லுனு இருக்குது,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. “கொஞ்சம் காலை மடக்கிக்கம்மா, தட்டு மாத்தணும்.”

முதுகில் வலி இருந்த இடத்திலேயே இருந்தது. செண்பகவல்லி காலை மடக்கிக்கொண்டு, தன் கட்டிலின் குறுக்கே கைமாறிய தாம்பூலத் தட்டுகளை இமைக்காமல் பார்த்தாள்.