கோரைமேல் நடந்த வழி

எங்கள் மலையில் இப்போது வண்டிகள் தாமாகவே ஓடுகின்றன. என்னைப் போன்ற கூலியாள் வழியைப் பதியும் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு முதலில் நடக்க வேண்டும். நான் நடந்ததுதான் அவற்றுக்குப் பாதை.

தன் மாளிகையிலிருந்து பார்த்தால் ஏரியை மறைக்கின்றன என்று எங்கள் பதினெட்டு வீடுகளையும் இடித்தவர் மேலாளர் நவநீதன். அந்த மாளிகைக்குப் புது வழி நடக்க என்னையே அனுப்பினார்.

ஏரியின் தென்கோடியில் கோரை பின்னிப் படர்ந்து தண்ணீர்மேல் மிதக்கும். பார்த்தால் புல்வெளிதான். வெறுங்காலோடு, நிற்காமல் நடந்தால் ஓர் ஆளைத் தாங்கும். பெட்டியோடு அதன்மேல் நடந்துவிட்டு வந்தேன்.

சேதி கேட்ட என் மனைவி மாடத்தி பதறினாள். "அடப்பாவி மனுசா, அந்தாளு செத்துட்டா?"

"அங்கன இடுப்பளவு தண்ணிதான். அவரு சாகணும்னு யாரு கேட்டா?"

மறுநாள் காலை நவநீதனின் வண்டி கோரையில் ஏறி, பாதி தூரத்தில் ஜன்னல்வரை அமிழ்ந்தது. மீட்க வந்த இரண்டு வண்டிகளும் அதே வழியில் வந்து பக்கத்திலேயே அமிழ்ந்தன. அவர் கூரைமேல் ஏறி நின்று, கரையிலிருந்த என்னைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ் சுடலை! தண்ணியெல்லாம் அட்டையா நெளியுது. வேற வழி நடந்து காட்டுய்யா!"

"நடக்கேன் சார். அது எங்க வீட்டு வாசலெல்லாம் சுத்தித்தான் வரும். பரவால்லையா?"

"எப்படி வேணா வா! சீக்கிரம் வா!"

பெட்டியைக் கட்டிக்கொண்டேன். இடிந்து கிடந்த ஒவ்வொரு வாசலிலும் நின்று, அங்கே இருந்தவர்கள் பேரைச் சத்தமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஏழாவது எங்கள் வீடு. அங்கே உட்கார்ந்து, நிதானமாக வெற்றிலை போட்டுக்கொண்டேன்.