ஐ எண்பத்தொன்று

ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டரின் மேசைக்கு முன்னால் ஒரு நோயாளியின் கோப்பை விரித்துப் பிடித்தபடி ஸுஹறா நிற்கிறாள். நோய்களுக்குக் குறியீடு போடுவது அவள் வேலை. டொக்டர் எழுதிய கடைசி வரியில் 'குடியால் கெட்ட ஈரல்' என்றிருக்கிறது. பின்னால் செருகிய ஸ்கான் அறிக்கையோ ஈரலுக்குப் போகும் பெரிய நாளத்தில் இரத்தம் கட்டிப்பட்டு அடைத்திருப்பதாகச் சொல்கிறது. அதற்குரிய குறியீடு ஐ எண்பத்தொன்று, அவளுக்கு மனப்பாடம். ஆனால் டொக்டர் எழுதாத நோய்க்கு அவள் எண் போடக்கூடாது. யன்னலால் வரும் கடற்காற்று தாளைத் தூக்குகிறது, அவள் உள்ளங்கையால் அமத்துகிறாள். கதவோரம் பூமணி, முந்தநாள் வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த நோயாளியின் மனைவி, ஆஸ்பத்திரி கொடுத்த நோய்த் துண்டைப் பிடித்தபடி. "அவர் ஒரு சொட்டும் வாயிலை வைச்சதில்லை, டொக்டர். துண்டை வாசிச்சவன் இலுப்பைக்கடவை ஊர் முழுக்க அவரைக் குடிகாரன் எண்டு சொல்லிப்போட்டான்." ஸுஹறா ஸ்கான் அறிக்கையைத் திருப்பிக் கோப்பை டொக்டர் முன் வைக்கிறாள். அவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். "நாளைக்குத் திருத்துவம், ஸுஹறா." "நீங்கள் திருத்துமட்டும் நான் இருக்கிறன், டொக்டர்." கதிரையை இழுத்து அமர்ந்து, மூடி கழற்றிய பேனையைக் கோப்பின் நடுவில் வைக்கிறாள். வாட்டுக்குள் சேலைன் கம்பி ஒன்று கிறீச்சிட்டு உருள்கிறது. கடைசியில் அவர் ஸ்கான் தாளை இழுத்து, விரல் வைத்து வரிவரியாக வாசிக்கிறார். முகம் மாறுகிறது. பழைய வரியைக் குறுக்கே வெட்டிப் புதியதை எழுதி ஒப்பமிடுகிறார். பூமணியின் துண்டை வாங்கி அதிலும் நோயைத் திருத்தி, மருந்துக் குளிசையையும் மாற்றித் திருப்பிக் கொடுக்கிறார். பக்கத்துக் கட்டத்தில் ஸுஹறா எண்ணைப் பதிகிறாள். பூமணி துண்டிலுள்ள அந்த ஆங்கில எழுத்துகளை உற்றுப் பார்க்கிறாள். துண்டை மீண்டும் மேசையில் வைக்கிறாள். "தமிழிலையும் எழுதித் தாங்கோ, டொக்டர். ஊரிலை வாசிக்கோணும்."