'மனித நுரையீரல்' என்று எழுதிய குப்பி

பதினொரு வருடங்களாக ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தச் செல்களுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறேன். ரோஸ் நிறத் திரவம்தான் சாப்பாடு. நாள் தவறினால் அது மஞ்சளாகும், செல்கள் செத்துப்போகும். குப்பியில் 'மனித நுரையீரல்' என்று தன் கையால் எழுதிக் கொடுத்தவள் என் ஆய்வகத் தோழி ஹேமலதா. தோழி கொடுத்ததை யார் சோதித்துப் பார்ப்பார்கள்? ஒரு வௌவால் வைரஸ் மனிதச் செல்லுக்குள் நுழைகிறது என்று அவற்றை வைத்துத்தான் நிரூபித்தேன். ஒன்பது கட்டுரைகள், ஒரு விருது.

பத்தாவது கட்டுரைக்கு ஆய்விதழ்க்காரர்கள் செல்களின் டிஎன்ஏ பரிசோதனை கேட்டார்கள். இன்று காலை முடிவு வந்தது. குரங்கின் சிறுநீரகச் செல்கள்.

ஹேமாவுக்கு போன் செய்தேன். பதறுவாள் என்று நினைத்தேன்.

"இப்பத்தான் டெஸ்ட் பண்ணினியா, ஸ்டெல்லா?"

"உனக்குத் தெரியுமா?"

"ஆறு வருஷமா தெரியும். அப்பதான் உனக்கு விருது அறிவிச்சிருந்தாங்க. எப்படிடி சொல்றது?"

அந்த வருடம்தான் எங்கள் கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். "உழைப்பு உன்னுது, பேரும் உனக்கே இருக்கட்டும்" என்றாள். அவள் தோளில் சாய்ந்து அழுதேன். கட்டுரையின் கடைசி வரியில் அவளுக்கு நன்றியும் எழுதினேன்.

போனை வைத்துவிட்டு, செல்களை வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்தேன். குப்பிக்குள் திரவம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. இன்று சாப்பாடு போடும் நாள். கையுறையை மாட்டிக்கொண்டு ரோஸ் பாட்டிலை எடுத்தேன். என்னிடம் பொய் சொன்னவை இவை இல்லை.