கழுத்துப் பட்டை

காலை ஒன்பது பத்துக்குச் சேந்தனின் கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றினார்கள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பாடம் எடுக்கும் வேலையிலும் சேரும் வெளிநாட்டு மாணவன் முதல் ஆறு மாதம் ஆங்கிலம் தவிர எதுவும் பேசக்கூடாது. பட்டை கேட்டுக்கொண்டே இருக்கும். வேற்று மொழியில் ஒரு சொல் தவறி வந்தாலும் வேலை போய்விடும்.

அருப்புக்கோட்டையில் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவளோடு தினமும் பேச, அவன் குரலிலேயே பேசும் ஒரு செயலியை அமர்த்தியிருந்தான். பேசியதெல்லாம் அவனுக்குக் குறிப்பாக வரும். முதல் வாரம் படித்தான். பிறகு திறக்கவே இல்லை.

இன்று அவனே அழைத்தான்.

"அம்மா, நான்தான்."

"என்னய்யா, இன்னைக்கு நாக்கு இப்படித் தடுக்குது?"

"ஒண்ணுமில்லம்மா. நீ எப்படி இருக்க?"

"இருக்கேன். வயித்துக் கட்டியை இப்ப எடுக்க வேணாம், பரீட்சை முடியட்டும், நானே வந்து கூட இருக்கேன்னு அன்னைக்கு அழுதியே. அதான் டாக்டர் அந்தத் திட்டு திட்டியும் பொறுத்துக்கிட்டு இருக்கேன்."

சேந்தன் குறிப்புகளைத் திறந்தான். ஏப்ரல் மூன்றாம் தேதிக் குறிப்பில் அது இருந்தது. அவன் என்ன சொல்லியிருப்பானோ, அதையேதான் செயலியும் சொல்லியிருந்தது.

"பரீட்சைதான் முடிஞ்சிருச்சுல்ல? எப்பய்யா கெளம்புற?"