பச்சைக் கம்பி

சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்தார்.

கண்ணால் பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும், காதால் கேட்டுச் சொல்லுங்கள் என்பது ரெஜினாவின் கட்டளை. ஒரே பாட்டைக் கிதாரில் இரண்டு தடவை வாசிப்பாள். எது எந்தக் கருவியில் என்று சொல்ல மாட்டாள். எது நன்றாக இருக்கிறதோ அதில்தான் கிளாட்வினின் பாட்டுகள் பதிவாகும்.

கிளாட்வின் அவள் கணவன். அவருடைய நண்பன். இறந்து ஒன்பது வருஷம்.

ஒன்று, டிபன் டப்பா அளவில் ஒரு டிஜிட்டல் கருவி. கிதார் ஒலியைப் பெருக்கும் பெரிய பெரிய ஆம்ப்களின் குரலையெல்லாம் தனக்குள் வைத்திருப்பது. அவர்தான் வாங்கி வந்து கொடுத்தார்.

மற்றது கிளாட்வினின் வால்வு ஆம்ப். அதோடு இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி.

ஆறு மாதமாக டிஜிட்டலுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தார். தூக்கச் சுலபம். சூடாகாது. இரையாது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர மாட்டார். விற்ற கடைக்காரன்கூட அவ்வளவு பேசவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரெஜினா, அதில் உயிர் இல்லை என்றாள்.



கிளாட்வினைக் கொன்றது அந்த வால்வு ஆம்ப். கல்யாண மண்டபத்தில், மத்தியானம், மைக்கைச் சரிபார்க்கும்போது. கை கிதார் கம்பிகளில் இருந்தது. உதடு மைக்கில் பட்டது.

அவ்வளவுதான்.

மண்டபத்து வயரிங் சரியில்லை என்றார்கள். போலீஸ் அப்படித்தான் எழுதிக்கொண்டது. அவரும் அப்படித்தான் சொன்னார்.

அன்று காலை ஆம்ப் இரைந்துகொண்டே இருந்தது. ம்ம்ம் என்று, விடாமல். மேடையில் வாசிக்கிறவர்களுக்கு அதற்கு ஒரு கைவைத்தியம் தெரியும். பிளக்கைத் திறந்து, எர்த்துக்குப் போகிற பச்சைக் கம்பியைக் கழற்றிவிட்டால் இரைச்சல் போய்விடும். மின்சாரம் கசிந்தால் மண்ணுக்கு இறக்கிவிடுவதும் அந்தக் கம்பிதான். ஊரெல்லாம் செய்வதுதான். அவரே பத்து இருபது தடவை செய்திருக்கிறார்.

அன்றும் கழற்றினார். டேப் சுற்றினார். பிளக்கை மூடினார்.

சத்தம் நின்றது. கிளாட்வின் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

மூடிய பிளக்கைப் பார்த்து யாருக்கும் எதுவும் தெரியாது. ஆம்ப் ரெஜினாவின் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அது இருந்த அறைக்குள் இன்றைக்கு முன் அவர் நுழைந்ததே இல்லை. கோழை என்று தன்னையே திட்டிக்கொள்வார். திட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பார்.

முதுகுக்குப் பின்னால் ரெஜினா ஒயர்களைச் செருகியபடி பேசிக்கொண்டிருந்தாள். போன மாதம் வீட்டுக்குப் புதிதாக எர்த் போட்டாளாம். வாசலில் ஆழமாகக் குழி வெட்டி, கரி கொட்டி, உப்பளத்திலிருந்து ஒரு மூட்டை உப்பும் கொண்டுவந்து கொட்டினார்களாம். தூத்துக்குடி வெயிலுக்கு மண் காய்ந்துவிடும் என்று தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறாளாம். மண்டபத்தில் நடந்தது இங்கே நடக்கவே நடக்காது என்றாள்.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை வாசித்து முடித்தாள். துடைத்து வைத்த மாதிரி ஒலி. டிஜிட்டல்தான். இதுவே போதும் என்று சொல்ல வாயெடுத்தார். அடுத்ததையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று அடக்கிவிட்டாள்.

ஒரு சுவிட்ச் விழுந்தது.

வால்வுகள் சூடேற அரை நிமிடம் ஆகும்.

அவர் இரைச்சலுக்காகக் காத்திருந்தார். மாதா கோயிலில் முழங்கால் போட்டபோதுகூட எதையும் இப்படிக் கேட்டதில்லை. இரைய வேண்டும். இரைந்தால் பச்சைக் கம்பி திரும்ப மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒன்பது வருஷத்தில் யாராவது அந்தப் பிளக்கை மாற்றியிருக்க வேண்டும்.

அறை அமைதியாக இருந்தது.

பாருங்கள், கொஞ்சம்கூட இரைச்சல் இல்லை என்று ரெஜினா சந்தோஷப்பட்டாள். வெறுங்கால் தரையில் நகர்ந்தது. மைக் ஸ்டாண்டை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ரெஜினா, தொடாத."

எழுந்து ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். அவள் கிதாரைக் கட்டிலில் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். மேஜையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. எடுத்துத் திறந்தார்.

பச்சைக் கம்பியின் நுனியில் கறுப்பு டேப் அப்படியே இருந்தது.

"நான்தான் கழட்டுனேன். அன்னைக்கு. இரையுதுன்னு."



அவர் டேப்பைப் பிரித்தார். கம்பியை அதன் இடத்தில் வைத்து முடுக்கினார். ஸ்க்ரூ இரண்டு தடவை கீழே விழுந்தது. இரண்டாம் தடவை அவள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொள்வதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

மூடி முடித்ததும் பிளக்கை அவர் கையிலிருந்து வாங்கினாள். தானே செருகினாள். சுவிட்சைப் போட்டாள்.

அரை நிமிடம் இருவரும் நின்றார்கள்.

வந்தது. ம்ம்ம் என்று, விடாமல். சின்னச் சத்தம்தான். தெருவில் ஆட்டோ ஒன்று போனபோது அது கேட்கவில்லை. ஆட்டோ போனதும் மறுபடி கேட்டது.

ரெஜினா ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அதன் துணியில் காதை வைத்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள்.

"இதுக்காண்ணே?"

ஆமாம் என்றார்.

அவள் காதை எடுக்கவில்லை.